எங்க குடும்பத்துக்கு நாலு எம்.பி.! - காணாமல்போன புதுக்கோட்டை தொகுதியின் கதை

2024, ஜூன் 4. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். காலை ஆறு மணிக்கே ஆபீஸில் இருந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தொகுதிவாரியாக முன்னிலை நிலவரத்தை அப்டேட் செய்வது. தமிழ்நாடு 39, புதுச்சேரி 1, ஆக 40 பெயர்கள் கொண்ட பட்டியல். அவசரத்தில் ஸ்க்ரோல் செய்ய நேரமில்லை என்று தேடல் பெட்டியில் 'புது' என்று டைப் செய்தேன். புதுச்சேரி வந்தது. அவ்வளவுதான். வேறெதுவும் வரவில்லை.

நான் புதுக்கோட்டைக்காரி. பழக்கதோஷத்தில் கை தானாக என் ஊர்ப் பெயரை அடித்திருக்கிறது. நீலகிரிக்கு அடுத்து நேராகப் பெரம்பலூர் என்று போகிறது அந்தப் பட்டியல். நடுவில் எங்கள் ஊருக்கு இடமில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் அந்தக் காலையில், நாடே தொகுதி தொகுதியாகக் கத்திக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

அதே நேரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது.

"திருச்சி என்னாச்சு?" - இது புதுக்கோட்டை டவுனில் இருக்கும் அப்பா.

"கரூர்ல யாரு லீடிங், பாத்துச் சொல்லு பாப்பா" - விராலிமலையில் வாக்கப்பட்ட சித்தி.

"சிவகங்கை?" - ஆலங்குடி பக்கத்தில் அம்மாச்சி வீட்டிலிருந்து மாமா.

"ராமநாதபுரத்துல பலாப்பழம் செயிக்குமா?" - அறந்தாங்கி அத்தை.

ஓ.பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாகப் பலாப்பழம் சின்னத்தில் நின்றார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "பலாப்பழம் வெளையுறது நம்ம வடகாடு, கீரமங்கலம் பக்கம். அது போய் ராம்நாட்டுல நிக்குது. நம்ம தொகுதி மாதிரியே" என்று மாமா அதற்கு ஒரு பதில் போட்டார். எல்லோரும் சிரிக்கிற எமோஜி போட்டார்கள். அப்பா மட்டும் போடவில்லை.

இத்தனை பேரும் ஒரே மாவட்டம். ஒரே கலெக்டர். ஒரு காதுகுத்து என்றால் எல்லோரும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால், எம்.பி. மட்டும் ஆளுக்கு ஒருவர். அன்று மாலைக்குள் எங்கள் குடும்பத்துக்கு நான்கு எம்.பி.க்கள் கிடைத்துவிட்டார்கள். திருச்சியில் துரை வைகோ, கரூரில் ஜோதிமணி, சிவகங்கையில் கார்த்தி சிதம்பரம், ராமநாதபுரத்தில் நவாஸ் கனி. டெல்லிக்கு இத்தனை செல்வாக்குள்ள குடும்பம் தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று சித்தப்பா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார்.

அந்த வாரம் பரபரப்பெல்லாம் அடங்கியபிறகு, பழைய தேர்தல் முடிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் கொடுத்த அசைன்மென்ட் இல்லை.

புதுக்கோட்டை ஒரு காலத்தில் தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டது. அம்மன் காசு என்று தனி நாணயமே புழக்கத்தில் இருந்த ஊர். சுதந்திரம் கிடைத்து சில மாதங்கள் கழித்து, 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அப்புறம் 1974 ஜனவரியில்தான் தனி மாவட்டமாக ஆனது. மன்னரின் அரண்மனைதான் இன்றைக்குக் கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்கள் அரண்மனைக்குள்தான் போகிறார்கள். சின்ன வயதில் இதை வெளியூர் ஃப்ரெண்ட்ஸிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதுண்டு.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. மாவட்டம் என்ற அந்தஸ்து 1974-ல்தான் வந்தது. ஆனால், நாடாளுமன்றத் தொகுதி என்ற அந்தஸ்து 1952-லேயே, நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. சமஸ்தானம் போய், திருச்சி மாவட்டத்துக்குள் ஒரு மூலையாக இருந்த அந்த இருபத்து சொச்சம் வருடங்களில், 'புதுக்கோட்டை' என்ற பெயரை டெல்லியில் உச்சரிக்க வைத்தது அந்தத் தொகுதிதான்.

1952 முதல் 2004 வரை மொத்தம் 14 பொதுத்தேர்தல்கள். பட்டியலைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களின் குணம் தெரிகிறது. யாருக்கும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடவில்லை. நேருவின் காங்கிரஸ் கொடிகட்டிப் பறந்த முதல் தேர்தலிலேயே, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி சார்பில் நின்ற வல்லத்தரசுவை ஜெயிக்க வைத்தார்கள். 1957-ல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார். 1962-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர்.உமாநாத். இவர் கேரளத்தின் காசர்கோட்டில் பிறந்து, திருச்சி பொன்மலை ரயில்வே தொழிலாளர்களோடு போராட்டங்களில் நின்றவர். 1964-ல் கட்சி இரண்டாக உடைந்தது. உமாநாத் மார்க்சிஸ்ட் பக்கம் போனார். 1967-ல் எங்கள் ஊர் அவரை மறுபடியும் அனுப்பியது. மலையாள மண்ணில் பிறந்த ஒருவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்த பழைய சமஸ்தானத்து மக்கள்! இது எனக்கு இருபத்து நாலு வயது வரை தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் 1971-ல் தி.மு.க-வின் வீரய்யா, 1977-ல் அ.தி.மு.க-வின் இளஞ்செழியன், 1980-ல் காங்கிரஸின் வி.என்.சுவாமிநாதன். 1984, 1989, 1991 என்று மூன்று முறை தொடர்ச்சியாக காங்கிரஸின் என்.சுந்தரராஜ். 1996-ல் திருச்சி சிவா. 1998-ல் அ.தி.மு.க-வின் ராஜா பரமசிவம். 1999-ல் எம்.ஜி.ஆர் அ.தி.மு.க என்று தனிக்கட்சி நடத்திய சு.திருநாவுக்கரசர். கடைசியாக 2004-ல் தி.மு.க-வின் எஸ்.ரகுபதி. அவர் ஒன்றிய இணையமைச்சராகவும் இருந்தார். அதோடு கதை முடிந்தது. மன்மோகன் சிங் அரசில் மந்திரியாக இருந்தவரின் தொகுதியே மறைந்துபோனது.

எப்படி? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் தொகுதி எல்லைகளை மாற்றி வரைய, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஓர் ஆணையம் வேலை பார்த்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை எம்.பி. என்ற எண்ணிக்கையை மாற்றக் கூடாது. தமிழ்நாட்டுக்கு 39 என்றால் 39-தான். உள்ளே கோடுகளை மட்டும் மாற்றலாம். 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கோடு மாற்றலில் பல பெயர்கள் போயின. நாகர்கோவில், சிவகாசி, பெரியகுளம், திருச்செந்தூர், ராசிபுரம், பழனி, திண்டிவனம் என்று நீண்ட பட்டியல் அது. ஆனால், இதில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாக அந்தந்த மாவட்டத்தின் பெயரிலேயே இன்னொரு தொகுதி வந்தது. நாகர்கோவில் போய் கன்னியாகுமரி. சிவகாசி போய் விருதுநகர். பெரியகுளம் போய் தேனி. திருச்செந்தூர் போய் தூத்துக்குடி. ராசிபுரம் போய் நாமக்கல். மாவட்டத் தலைநகரங்களெல்லாம் தொகுதிகளாகப் பதவி உயர்வு பெற்ற அதே நேரத்தில், ஏற்கெனவே தொகுதியாக இருந்த மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை, பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. (என் கல்லூரித் தோழி ஒருத்தி திருவாரூர். "எங்களுக்கும்தான்டி தனித் தொகுதி இல்லை" என்று சண்டைக்கு வருவாள். உண்மைதான். ஆனால், உங்களை நாலு துண்டாகப் போடவில்லையே தாயே!)

நாலு துண்டு என்பது இப்படி. புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை சட்டமன்றத் தொகுதிகள் திருச்சிக்கு. திருமயம், ஆலங்குடி சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு. எண்ணிப் பாருங்கள். மொத்தம் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 நாடாளுமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு எத்தனை வரும்? ஆறு! கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. மாவட்டத்தைக் குலைக்காமல் அப்படியே ஒரு நாடாளுமன்றத் தொகுதியாக வைத்திருக்கலாம். நான் கணக்கில் சுமார்தான். அதனால் இந்த வகுத்தலை கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

சுற்றியிருக்கும் தொகுதிகளுக்கு மக்கள்தொகையைச் சரிக்கட்ட எங்கள் மாவட்டத்தைப் பிய்த்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் புரிதல். ஓர் இடத்தில் கோட்டை நகர்த்தினால் பக்கத்து இடத்தில் இடிக்கும் என்பதும் தெரிகிறது. ஆனாலும் விராலிமலை விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் அது. அங்கிருந்து தெற்கே இருக்கும் புதுக்கோட்டை டவுனுக்கு திருச்சி எம்.பி. திருச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் விராலிமலைக்கு கரூர் எம்.பி. "நான் கரூருக்கு என் வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். அதுவும் பெட்ஷீட் எடுக்க" என்பார் சித்தி.

2009 மே மாதம் தேர்தல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பே ஊரில் தொகுதியை மீட்கக் கோரிப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. வாக்களித்துவிட்டு வந்த அப்பாவின் விரலில் மை இருந்தது. "யாருக்குப்பா போட்ட?" என்று கேட்டதற்கு, "யாருக்கும் போடல" என்றார். எனக்குப் புரியவில்லை. மை இருக்கிறதே?

49-ஓ என்று ஒரு விதி இருந்ததை வளர்ந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். நோட்டா பட்டன் வருவதற்கு முந்தைய காலம் அது. யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்றால், வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் அதைக் குறிப்பார். நாம் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும், உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுகளுக்கும் தெரிந்துவிடும். ரகசியம் என்பதே கிடையாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டபிறகுதான் நோட்டா பட்டன் வந்தது. அப்பா யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர். டீக்கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் அத்தனை பேர் முன்னால் நின்று "எனக்கு 49-ஓ வேணும் சார்" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் அன்று அப்படிக் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

"அப்படி என்னப்பா கோபம்? எம்.பி. எந்த ஊர்ப் பேர்ல இருந்தா என்ன?" என்று போன வருடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அம்மாச்சி ஆபரேஷன் ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. அம்மாச்சிக்கு இதயத்தில் வால்வு பிரச்னை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டில் கிடைப்பது போக பெரிய தொகை தேவைப்பட்டது. பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு எழுதிப் போடுங்கள், எம்.பி. பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அப்பாவும் மாமாவும் ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓர் எம்.பி. அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசையில் காத்திருந்து முறை வந்ததும், அங்கிருந்தவர் அம்மாச்சியின் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க தொகுதி இல்லீங்களே, நீங்க வேற எம்.பி.கிட்ட போகணும்" என்று சொல்லியிருக்கிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நாங்கள்தான் தப்பான வாசலில் நின்றோம். அப்பா தன் எம்.பி.தான் மாமியாருக்கும் எம்.பி. என்று நினைத்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் டவுன் பஸ் ஓடும் தூரம்தான்.

சரியான அலுவலகத்தைக் கண்டுபிடித்து, காரைக்குடி தாண்டிப் போய், அன்றைக்கு எம்.பி. டெல்லியில் இருந்ததால் மறுபடி ஒரு நாள் போய், கடிதம் கைக்கு வந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. அம்மாவின் இரட்டைவடச் செயினும் அத்தையின் வளையல்களும் அடகுக்கடையில் இருந்தன. அம்மாச்சி பிழைத்துக்கொண்டார். அந்தக் கடிதம் எங்கள் வீட்டு பீரோவில், பத்திரங்களோடு இன்னமும் இருக்கிறது. அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கும் ஒரு சொந்தக் கதை உண்டு. 2017 பிப்ரவரி. நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம் வெடித்த நேரம். அம்மாச்சி ஊரிலிருந்து பக்கம்தான். அம்மாச்சியே பந்தலில் போய் உட்கார்ந்திருந்தார். நானும் போனேன். சென்னையிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மைக்கை நீட்டி, "உங்க எம்.பி. வந்து பார்த்தாரா?" என்று கேட்டார். நான் கெத்தாக, திருச்சி எம்.பி. பெயரைச் சொல்லி, அவர் வரவில்லை என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு, "ஆத்தா, இது ஆலங்குடி. நமக்கு சிவகங்கை" என்றார். பெட்ரோலியத் துறை ஒன்றிய அரசிடம் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே எங்கள் கேள்வியை யார் கேட்க வேண்டும் என்பதே, பந்தலில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அறந்தாங்கி அத்தைக்கு இந்தப் புலம்பலில் பெரிய உடன்பாடு கிடையாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கும்போது, ராமேஸ்வரம் மீனவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரே எம்.பி. என்பது ஒரு வகையில் நல்லதுதான் என்பார். "புதுக்கோட்டைக்காரவுகளுக்குக் கடல் இருக்குறதே பாதிப் பேருக்குத் தெரியாது" என்று குத்துவார். அதுவும் சரிதான். கோடு போட்டவர்கள் எல்லா இடத்திலும் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ராமநாதபுரம் தொகுதி, அந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வரை போகிறது. அறந்தாங்கி நெல் விவசாயிக்கும் திருச்சுழி மானாவாரிக் காட்டுக்கும் ஒரே குரல்.

2019-ல் எனக்கு முதல் ஓட்டு. திருச்சித் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்று வென்றவர் திருநாவுக்கரசர். 1999-ல் 'புதுக்கோட்டை எம்.பி.'யாக இருந்த அதே மனிதர், 20 வருடம் கழித்து 'திருச்சி எம்.பி.'யாக எங்களுக்குத் திரும்ப வந்தார். ஆளும் அவர்தான், ஊரும் அதுதான், பெயர்ப் பலகை மட்டும் வேறு. அப்பா அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துத் தேர்தல் செய்தியைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது மறுபடி தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அனைத்துக்கட்சிக் கூட்டம் கூட்டியபோது, எங்கள் டெஸ்க்கில் நாங்கள் போடாத கார்டு இல்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் எம்.பி. எண்ணிக்கையில் பலம் இழக்கக் கூடாது என்பது வாதம். தமிழ்நாட்டுக்கு 1962-ல் 41 எம்.பி.க்கள் இருந்தார்கள், 1967-ல் அது 39 ஆனது என்ற பழைய கதையையும் தேடி எடுத்து எழுதினேன். மாநிலத்துக்கு எத்தனை என்பது முக்கியமான சண்டைதான். அதை டைப் செய்துகொண்டிருந்தபோது என் மண்டையில் ஓடியது வேறு. எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமல், 39 அப்படியே 39-ஆக இருக்கும்போதுதானே எங்கள் ஊர் காணாமல்போனது?

என் போனில் நோட்ஸ் ஆப்பில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். யார் யாருக்கு எந்தத் தொகுதி, யார் எம்.பி., அலுவலகம் எங்கே என்று. போன வாரம் அம்மா போன் செய்தார். பென்ஷன் விஷயமாக ஒன்றிய அரசு அலுவலகம் ஒன்றில் பெரியம்மாவின் ஃபைல் நிற்கிறதாம். எம்.பி. மூலமாகக் கேட்கலாமா என்று யோசனை.

"எந்த எம்.பி.டி நமக்கு?"

"பெரியம்மா இப்ப எங்க இருக்காங்க? டவுன்லயா, கீரனூர்லயா?"

"ரெண்டும் இல்ல. பையன் வீட்டுக்குத் திருமயம் போயிட்டா."

"ஓட்டு எங்க இருக்கு?"

"அது இன்னும் விராலிமலைலதான் இருக்கு. மாத்தவே இல்ல."

நோட்ஸைத் திறந்தபடி, "இருங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.